வடசென்னையில் மாட்டுப் பொங்கல்: நுகத்தடி இருக்கிறது, மாடு இல்லை, என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை_பேரன்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று போன ஞாயிறு பரணைக் காலி செய்தோம். அடியில் தாத்தாவின் நுகத்தடி கிடந்தது. ஓர் ஆள் நீளம். மாட்டின் கழுத்து உட்காரும் இரண்டு இடம் மட்டும் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று மின்னுகிறது, மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. பூட்டாங்கயிறு கட்டும் துளையில் பழைய கயிற்று நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தாத்தா பாரவண்டி ஓட்டியவர். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு பாரிமுனைப் பக்கத்து மண்டிகளுக்குப் போவார், மழைக்காலத்தில் வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளுக்கு ஓடுவார். யானைகவுனிப் பாலம் ஏறும்போது மாடு நாக்கைத் தள்ளிவிடும், முட்டி போடும், பின்னால் முன்பின் தெரியாத நாலு பேர் வந்து சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று நைனா (என் அப்பா) சொல்வார்.

எங்கள் தெருவில் மாட்டுப் பொங்கல் அன்று எவ்வளவு கூலி கொடுத்தாலும் வண்டி பூட்ட மாட்டார்கள். வண்டியெல்லாம் ஏர்க்காலைத் தரையில் ஊன்றி வரிசையாக நிற்கும். கார்ப்பரேஷன் பம்பில் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கழுத்தில் காய்ப்பு இருக்கும் இடத்தில் விளக்கெண்ணெய் பூசி, கொம்புக்கு வர்ணம் அடித்து, பித்தளைக் குப்பி மாட்டி, ஆயா (பாட்டி) வாசலிலேயே பொங்கல் வைப்பார். வண்டிக்காரர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் மாட்டுக்கும் அன்று சலங்கைதான், கரும்புதான்.

இப்போது சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "மாட்டுப் பொங்கல் கிராமத்துப் பண்டிகை, மெட்ராஸ்காரனுக்கு அதில் என்ன வேலை, வீட்டில் கறி எடுத்துச் சாப்பிட்டுப் படுங்கள்" என்று போட்டிருக்கிறார். என் மகளும் கேட்கிறாள், "நம்ம வீட்டுல யாருக்குப்பா மாட்டுப் பொங்கல்?" என்று. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

மணலி_டெல்டாக்காரன்

அண்ணே, எனக்கு ஊர் திருவாரூர் பக்கம், வேலைக்காக மணலிக்கு வந்து பதினைந்து வருடம். முதலில் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது உழவனின் பண்டிகைதான். சேற்றில் இறங்கி உழுது, பரம்படித்து, அறுவடை முடிந்ததும் களத்தில் தாம்பு கட்டிச் சுற்றிச் சுற்றிப் போரடித்துக் கொடுத்த மாட்டுக்கு, வீட்டுக்கு நெல் வந்தபிறகு சொல்லும் நன்றி அது. தை 1 சூரியனுக்கு, தை 2 மாட்டுக்கு. அந்த வரிசையிலேயே கணக்கு இருக்கிறது.

எங்கள் பக்கம் உம்பளச்சேரி மாடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் சாக்ஸ் போட்டது மாதிரி வெள்ளை. ஆளைவிடக் குட்டையாக இருக்கும், ஆனால் இடுப்பளவு சேற்றிலும் சளைக்காது. காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவார்கள், அதனால் கொம்புக்கு வர்ணம் என்பது எங்களுக்குப் பசுமாட்டோடு சரி. காலையில் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டி, பழைய கயிற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டு மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தும்பு எல்லாம் புதிதாகப் போடுவோம். நெட்டி மாலை போடுவோம். சாயங்காலம் வாழை இலையில் பொங்கல் ஊட்டிவிட்டு, ஒருவர் மாவிலையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே முன்னால் போக, மற்றவர்கள் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு "பட்டி பெருக, பால் பானை பொங்க, பொங்கலோ பொங்கல்" என்று மூன்று சுற்று வருவோம். சின்னப் பிள்ளையில் தட்டித் தட்டி ஒரு பித்தளைத் தட்டை நெளித்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

சரி, இவ்வளவும் எழுதிவிட்டு ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இன்று எங்கள் தெருவில் ஏர் மாடு ஒன்றுகூட இல்லை. உழ டிராக்டர், அறுக்க மெஷின். போன வருடம் போனபோது டிராக்டரைக் கழுவிச் சந்தனம் பூசி அதற்கு முன்னால்தான் பொங்கல் வைத்தார்கள். ஆகவே "கிராமத்தில் மாடு இருக்கிறது, பட்டணத்தில் இல்லை" என்பது பழைய பேச்சு. உங்களிடமாவது நுகத்தடி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதையும் அடுப்பில் வைத்துவிட்டோம்.

வியாசர்பாடி_ஜெயம்

எங்கள் வீட்டில் தெலுங்கு. கனுமு என்போம். மாடு இல்லையென்றாலும் அன்று யாரும் ஊருக்குக் கிளம்பக் கூடாது என்று அம்மம்மா பிடிவாதமாக இருப்பார். கனுமு அன்று காக்காகூட நகராது என்பார். மாட்டுக்கு ஓய்வு, வண்டி ஓடாது, அப்புறம் மனுஷன் எப்படிப் போவான் என்பதுதான் அதற்குள் இருக்கும் விஷயம் என்று பிறகு புரிந்தது.

தங்கசாலை_மாடிவீடு

இழை தொடங்கியவருக்கு வணக்கம். வேறு ஊர்க்காரர்கள் செய்வதைச் சொல்கிறேன், உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் அதில் கிடைக்கலாம்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு மராத்திக் குடும்பம். பழைய தங்கம் வெள்ளியை உருக்கிச் சுத்தம் செய்யும் தொழில், சொந்த ஊர் சாங்லி மாவட்டம். அங்கே மழைக்காலத்தில், ஆடி வாக்கில், பேந்தூர் என்று மாட்டுக்கு ஒரு பண்டிகை. மகாராஷ்டிரத்தின் மற்ற பெரும்பகுதியில் அதையே போளா என்று சிராவண அமாவாசையில் கொண்டாடுகிறார்கள், நம் கணக்குக்கு ஆகஸ்ட், செப்டம்பர் வரும். உழவு, விதைப்பு வேலை ஓய்ந்து பயிர் வளர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. நம்முடையது அறுவடை முடிந்து வருவது.

அந்த அண்ணி சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. போளாவுக்கு முந்தின நாளே மாட்டின் தோளை, நுகம் உட்காரும் இடத்தை, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து மஞ்சளும் நெய்யும் தேய்த்துவிடுவார்களாம். அப்புறம் மாட்டின் காதருகே போய், "இன்று அழைப்பை வாங்கிக்கொள், நாளை சாப்பிட வா" என்று சொல்வார்களாம், கல்யாணத்துக்கு அழைப்பது போல. மறுநாள் பூரண போளி ஊட்டி, தோரணத்துக்குக் கீழே வரிசையாக நிறுத்தி ஊர்வலம் விடுவார்கள்.

ஊரில் மாடில்லாத வீட்டில் களிமண் மாடு வாங்கி வந்து வைத்துக் கும்பிடுவார்கள். நாக்பூர்ப் பக்கம் மறுநாள் குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு போளா, மரத்தால் செய்த மாட்டைச் சக்கரத்தில் வைத்து இழுத்துப் போவார்கள். இந்தக் குடும்பமும் இங்கே தங்கம் உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு களிமண் மாடு வைத்து அதற்குப் போளி படைக்கிறது. அவர்கள் மாடு பிடித்து மூன்று தலைமுறை ஆகிறது. யாரும் அவர்களிடம் போய் உனக்கு என்ன வேலை என்று கேட்பதில்லை.

திருவொற்றியூர்_செல்வி

நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். மாட்டுக்குப் பொங்கல் வைப்பதைப் பற்றி எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் மாடு இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. காலையில் பாலைக் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுகிறார்கள், அது நாள் முழுக்கக் குப்பைத் தொட்டியில் கேரி பேக்கோடு சாம்பார் சாதத்தைத் தின்கிறது. போன வருடம் என் மாமியாரைக் காய்கறிப் பையோடு சேர்த்து முட்டித் தள்ளி, தோள்பட்டை இறங்கி, இரண்டு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது.

மாநகராட்சி பிடித்தால் அபராதம் பத்தாயிரம் என்று வைத்திருக்கிறார்கள், கட்டிவிட்டு ஓட்டி வந்து மறுபடி அவிழ்த்துவிடுகிறார்கள். வருடத்தில் ஒரு நாள் கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டு மற்ற நாளெல்லாம் குப்பை தின்னவிடுவது மரியாதையா? அதையும் இந்த இழையில் பேசுங்கள்.

மாதவரம்_பால்வீடு

அக்கா, உங்கள் மாமியாருக்கு நடந்ததற்கு மாடு வளர்க்கிறவன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவிழ்த்துவிடுவது தப்பு, அதில் பேச்சே இல்லை. நான் ஐந்து மாடு வைத்திருக்கிறேன், ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. ஆனால் கட்டி வளர்ப்பதற்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புல் கிடையாது, மேய்ச்சல் நிலம் எல்லாம் பிளாட். வைக்கோல் லாரியில் வருகிறது, தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாம் விலைக்குத்தான். இடமில்லாதவர் மாடு வளர்க்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் தங்கள் அம்மா காலத்திலிருந்து இரண்டு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் விதவைப் பெண்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் நாளைக்கே மாட்டை விற்றுவிடு என்றால் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. தலைப்பில் வரும் நுகத்தடி காளைக்கு உரியது. என் கொட்டகையில் காளை கிடையாது. ஊசி போட்டுத்தான் சினைப் பிடிக்க வைக்கிறோம், எல்லாம் ஜெர்சிக் கலப்பு. கன்று காளையாகப் பிறந்தால் வீட்டில் யாரும் முகம் மலர்வதில்லை, இதுதான் உண்மை. உழவுக்கு வேண்டாம், வண்டிக்கு வேண்டாம், பால் கொடுக்காது. மூன்று மாதத்தில் ஆள் வந்து ஓட்டிப் போய்விடுவார். இப்போது ஒரு காளைக்கன்று நிற்கிறது, பொங்கல் வரைக்கும் விற்கக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

வேப்பேரி_கால்நடை

நான் படித்தது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தயவுசெய்து எல்லாரும் படியுங்கள்.

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் ஒவ்வொரு வருடமும் வயிறு உப்பிய மாடுகள் வருகின்றன. தெருவே சேர்ந்து ஆளுக்கொரு இலை பொங்கல் ஊட்டினால், மாட்டின் வயிற்றில் அத்தனை அரிசியும் வெல்லமும் புளித்து அமிலம் ஏறிவிடும். அசை போடுவது நின்றுவிடும், பல்லை நறநறவென்று கடிக்கும், படுத்தால் எழாது. உயிரே போகலாம். ஆகவே பொங்கல் ஒரு கைப்பிடி, அதுவும் ஒருவர் மட்டும். மற்றவர்கள் அகத்திக்கீரை, பசும்புல், கரும்புத் தோகை என்று கொடுங்கள். அதிலும் அளவு வேண்டும்.

கொம்புக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம், மாடு நக்கும், ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். காவியும் சுண்ணாம்பும் மஞ்சளும் போதும். பிளாஸ்டிக் மாலை போட்டால் ராத்திரியே பக்கத்து மாடு அதைத் தின்றுவிடும். செல்வி அக்கா சொன்ன கேரி பேக் விஷயம் மிகைப்படுத்தல் இல்லை, அறுவைச் சிகிச்சையில் ஒரே மாட்டின் வயிற்றிலிருந்து கூடை கூடையாக பிளாஸ்டிக்கை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், கயிறு போல முறுக்கிக்கொண்டு கிடக்கும், நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகாது.

லாரி_சால்ட்கொட்டாரஸ்

தம்பி, உன் தாத்தா போன வழியில்தான் நான் இப்போது லாரி ஓட்டுகிறேன். ஒரு விஷயம் தெரியுமா? பார வண்டி மாட்டுக்கு 1965இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது, இன்றும் அது இருக்கிறது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஓய்வில்லாமல் 5 மணி நேரம் தாண்டக் கூடாது, வெயில் 37 டிகிரிக்கு மேல் போனால் மதியம் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் 37 எல்லாம் காலை பதினொரு மணிக்கே வந்துவிடும். அதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது, மாட்டுப் பொங்கல் என்பது வேலை செய்கிற உயிருக்கு நம் ஆட்கள் தாங்களாகவே எழுதிவைத்த விடுமுறை. சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் எழுதியது. உழவு மாட்டுக்குச் சரி, வண்டி மாட்டுக்குக் கிடையாது என்று அதில் எங்கே இருக்கிறது?

புளியந்தோப்பு_மணி

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நானும் ஆறு நாள் கிடந்தேன். 2023இல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்று சொன்னபோது அழுதேவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மனதில் இருந்துகொண்டே இருக்கிறது, இழை தொடங்கியவரிடம் கேட்கலாமா? எங்கள் ஏரியாவில் ஆட்டுத்தொட்டி என்கிற இறைச்சிக்கூடம் இருக்கிறது, நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள், எங்கள் வீட்டிலும் மாட்டுப் பொங்கலுக்குக் கோலம் உண்டு. இரண்டும் எங்களுக்கு முரணாகப் பட்டதில்லை, உழைத்ததும் உணவாவதும் ஒரே மாடுதான். ஆனால் உங்கள் தாத்தா மாதிரிப் பாசமாக வைத்திருந்தவர்கள், மாட்டுக்கு வயதானதும் என்ன செய்தார்கள்? யாரும் இதை எழுதுவதில்லை.

கொருக்குப்பேட்டை_பேரன்

மணி, கேட்டது நல்லதாகப் போயிற்று. நேற்று ராத்திரி நைனாவிடம் உட்கார்ந்து கேட்டேன், அவருக்கு எழுபத்து நாலு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தாத்தாவிடம் கடைசியாக இருந்த ஜோடி வெள்ளை மாடு. வலத்து மாடு சாது, இடத்து மாடு முரடு. லாடம் அடிக்கிற அன்று இடத்து மாட்டைச் சாய்க்க நாலு பேர் வேண்டும், முன்கால் பின்கால் சேர்த்துக் கட்டி, நைனா அதன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். குளம்பு பிளந்தது அல்லவா, காலுக்கு இரண்டு வீதம் ஒரு மாட்டுக்கு எட்டு லாடம். தார் ரோட்டில் லாடம் இல்லாமல் நாலு நாள் ஓடினால் குளம்பு தேய்ந்து ரத்தம் வந்துவிடும். ஆணி இறங்கும்போது அது மூச்சை இழுத்து விடுவது இன்னும் தன் தொடையில் தெரிகிறது என்று சொன்னார்.

வலத்து மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்தது. வேப்பெண்ணெய் போட்டார்கள், மஞ்சள் வைத்தார்கள், பத்து நாள் பூட்டாமல் நிறுத்தினார்கள், அந்தப் பத்து நாளும் வீட்டில் கஞ்சிதான். ஆறியது, மறுபடி பூட்டினதும் வெடித்தது. அதற்குள் டெம்போக்கள் வந்துவிட்டன, மண்டிக்காரர்கள் மாட்டு வண்டிக்காகக் காத்திருக்கத் தயாராக இல்லை. தை மாதம் மாட்டுப் பொங்கலுக்கு இரண்டுக்கும் கொம்பு தீட்டினார்கள், எப்போதும் போல. பத்து நாள் கழித்துத் தாத்தா இரண்டையும் விற்றுவிட்டார். யார் வாங்கினார்கள், எதற்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. கயிறு மாற்றிக் கொடுக்கும்போது தாத்தா வெளியே வரவில்லை, ஆயாதான் முந்தானையில் கயிற்றை வாங்கிக்கொண்டார். கொம்பில் வர்ணம் இன்னும் போகவில்லை என்று நைனா இரண்டு தடவை சொன்னார்.

தாத்தாவைப் பற்றி இதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் ஒருபக்கக் கதை. விற்றதும் சேர்ந்ததுதான் அவர். அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அந்த மாடுகளுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நைனா எஸ்.எஸ்.எல்.சி. படித்தது அந்த இரண்டு கழுத்தின் மேல்.

திருவொற்றியூர்_செல்வி

படித்தேன். கோபமாக எழுதினேனே தவிர எனக்கு மாட்டின் மேல் கோபம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆயா தியாகராஜர் கோயிலில் பிரதோஷத்துக்கு நந்திக்கு அருகம்புல் சாத்திவிட்டு அதன் காதில்தான் வேண்டுதலைச் சொல்வார். சிவன் நந்தியிடம், தினமும் எண்ணெய் தேய்த்துக் குளி, மாதம் ஒரு முறை சாப்பிடு என்று பூமியில் போய்ச் சொல்லச் சொன்னாராம். நந்தி மாற்றிச் சொல்லிவிட்டது, தினமும் சாப்பிடு என்று. அப்படியானால் அத்தனை சோற்றுக்கும் நீயே போய் உழு என்று அனுப்பிவிட்டார் என்பது கதை. ஆயா முடிவில் எப்போதும், "நாம தெனம் சாப்புடுறோமே, அது வாங்கிக் குடுத்தது" என்பார்.

கொருக்குப்பேட்டை_பேரன்

மாட்டுப் பொங்கல் முடிந்தது. என்ன செய்தோம் என்று சொல்ல வந்தேன்.

முந்தின நாள் ராத்திரி நுகத்தடியைத் துடைத்து, தேய்ந்த இரண்டு இடத்திலும் மகளை விட்டு மஞ்சளும் நெய்யும் தேய்க்கச் சொன்னேன். தங்கசாலை நண்பர் எழுதியது மனதில் இருந்தது. அவளே குனிந்து, "நாளைக்குச் சாப்பிட வாங்க" என்று சொன்னாள். நான் அதைச் சொல்லித்தரவில்லை, இழையை அவள் அம்மா படித்துக் காட்டியிருக்கிறாள். காலையில் வாசலில் கோலம் போட்டு நுகத்தடியை நடுவில் வைத்து, வலம் இடம் இரண்டு பக்கமும் தனித்தனி இலை போட்டுப் பொங்கல் வைத்தோம். நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, இலைகளை மாற்றி வைத்தார். இடத்து மாட்டுக்குக் கரும்பு பிடிக்காதாம், வெல்லம்தான் வேண்டுமாம்.

அப்புறம் நாலு கட்டு அகத்திக்கீரை வாங்கிக்கொண்டு மாதவரம் அண்ணன் கொட்டகைக்குப் போனோம். டாக்டர் சொன்னபடி பொங்கல் ஒரு கைப்பிடிதான் எடுத்துப் போனோம். காளைக்கன்று மகளின் கையை மணிக்கட்டு வரை வாய்க்குள் இழுத்துக்கொண்டது, நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கிறது என்று கத்தினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. நைனா அதன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூட்டாத கழுத்து, மெத்தென்று இருக்கிறது என்றார்.

நுகத்தடியை மறுபடி பரணில் ஏற்றவில்லை. கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டியாயிற்று.

அண்ணே, கன்றை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம். தீனிச் செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று நைனா சொல்லச் சொன்னார், அவர் பென்ஷனிலிருந்து. மாதம் எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள்.

மாதவரம்_பால்வீடு

தம்பி, காசு பற்றி அப்பாவிடமே பேசுகிறேன். மனைவியிடம் சொன்னேன், உடனே கன்றுக்குப் புதுத் தும்பு வாங்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள். கீரை வேண்டாம், தவிடு ஒரு மூட்டை போதும். செல்வி அக்கா, நீங்களும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எல்லாம் கட்டித்தான் இருக்கும்.